நூதனசாலையில் இருக்கும் பெருமை

முன்னோர் செய்த ஒரு கருவியைக் கண்டு பின்னோர் பெருமைப்படலாமா? படலாம் என்றால் அந்தப் பெருமை எதன் மீதானது? கருவியின் மீதா, அதைச் செய்த கையின் மீதா, அல்லது அக்கருவி உலகில் போய்ச் செய்த காரியத்தின் மீதா? கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இக்கேள்வி, எமது கலகெதர நண்பர்கள் வட்டத்தில் இரண்டு மாலைப் பொழுதுகளைத் தின்று விட்டது. மூன்றாவது மாலைக்கு யாரும் வராததால் நான் இதை எழுத நேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடயம் இதுதான். வட்டத்தின் இளைஞர் ஒருவர் திப்பு சுல்தானின் ரொக்கட்டைப் பற்றிக் கவிதை ஒன்று வாசித்தார். இன்று விண்ணுக்குப் போகும் கலங்கள் யாவும் மைசூரின் இரும்புக் குழாய்க்குப் பிறந்த பிள்ளைகளே என்பது அதன் சாரம். வாசித்து முடித்ததும் எம்மில் மூத்தவரான ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "மகன், ஆளக் கொல்ற சாமானுக்கா கவிதை எழுதினீங்க?" இளைஞர் தயங்கவில்லை. "மாஸ்டர், அவங்கட நூதனசாலையிலயும் அந்தச் சாமான்தானே தொங்குது. எங்கட சாமான் மட்டும் ஏன் தொங்கக் கூடாது?"

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. எனினும் இருவருமே ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டு இன்னொன்றைப் பற்றிப் பேசினார்கள் என்றே எனக்குப் பட்டது. அதை அவிழ்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளைஞரின் கவிதைக்குக் கரு கொடுத்தது எது என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. 1963இல் இராமேஸ்வரத்தைச் சேர்ந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம் ரொக்கட் ஏவும் தொழில்நுட்பப் பயிற்சிக்காக அமெரிக்கா அனுப்பப்பட்டார். வர்ஜீனியாவின் கரையோரத்தில் உள்ள நாசாவின் வொலப்ஸ் ஏவுதளத்துக்குப் போனபோது அங்கு வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியத்தைக் கண்டார். பின்னணியில் ரொக்கட்டுகள் பறக்கும் ஒரு போர்க்களம். ரொக்கட்டை ஏவுபவர்கள் வெள்ளையர்கள் அல்லர், எம் நிறத்தவர்கள். கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான், அது பிரித்தானியரை எதிர்க்கும் திப்புவின் படை என்று தெரிந்ததாம். சொந்த நாட்டில் மறக்கப்பட்ட ஒன்றை உலகின் மறுகோடியில் நினைவுகூர்கிறார்களே என்ற வியப்பை அவர் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் பதிவு செய்திருக்கிறார். தமிழ் பேசும் முஸ்லிம் வீடுகளில் இந்தச் சம்பவம் எத்தனை தடவை சொல்லப்பட்டிருக்கும்! பாடசாலைப் பேச்சுப் போட்டிகளிலும் மீலாத் விழா மேடைகளிலும் சொல்லிச் சொல்லி அது தேய்ந்தே போய்விட்டது. தேய்ந்த நாணயத்தில் எழுத்து மறைந்து விடுவது போல, இந்தச் சம்பவத்திலும் சில எழுத்துகள் மறைந்து விட்டன.

மறைந்தவற்றை வாசிக்க முயல்வோம்.

மைசூர் ரொக்கட் என்பது ஏறக்குறைய ஒரு சாண் நீளமான இரும்புக் குழாய். அதனுள் வெடிமருந்து கிட்டிக்கப்பட்டு, ஒரு நீண்ட மூங்கிலிலோ, சில வேளை வாள் அலகிலோ தோல் வாரால் கட்டப்பட்டிருக்கும். ஐரோப்பாவிலும் சீனாவிலும் அதற்கு முன்னர் ரொக்கட் இருந்தது. ஆனால் அவர்களது குழாய் பெரும்பாலும் அட்டையாலானது. அதிக அழுத்தத்தைத் தாங்காது. ஹைதர் அலியின், திப்புவின் கொல்லர்கள் மெல்லிரும்பைக் குழாயாக அடித்ததனால் மருந்தை இறுக்கி அடைக்க முடிந்தது. அடைப்பு இறுக இறுக வாயு வெளியேறும் வேகம் கூடும், தூரமும் கூடும். ஒரு கிலோமீற்றருக்கும் அப்பால் போய் விழும் ரொக்கட்டுகளைக் கம்பனிப் படை அதற்கு முன் கண்டதில்லை. விஞ்ஞான வரலாற்றில் மைசூருக்கு உரிய இடம் இந்த இரும்பில்தான் இருக்கிறது. பெங்களூரின் விமானவியல் அறிஞர் ரொத்தம் நரசிம்மா 1985இல் மைசூர், பிரித்தானிய ரொக்கட்டுகள் பற்றி எழுதிய ஆய்வறிக்கை இதை உணர்ச்சிக்கு இடமின்றி விளக்குகிறது.

1780 செப்டெம்பர் 10. காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூர். கேணல் பெய்லியின் கம்பனிப் படையை ஹைதரும் திப்புவும் சூழ்ந்து கொண்டார்கள். படையின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ரொக்கட் பட்டதனால்தான் வெடித்தன என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அன்று கம்பனி அடைந்த தோல்வி இந்திய மண்ணில் அதுவரை அடைந்த தோல்விகளில் மிகப் பெரிய ஒன்று. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் அந்தப் போர் முழுவதும் வரையப்பட்டிருக்கிறது. காயம்பட்ட பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறார், வண்டி வெடிக்கிறது, யானை மீதிருக்கும் ஹைதர் அலியின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அந்தச் சுவர்முன் நின்ற எவருக்கும், குறிப்பாக எம்மவர்க்கு, நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்யும். எனக்கும் நிமிர்ந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் பெய்லியின் படையில் இருந்தவர்கள் யார்? ஐரோப்பியர் சிறு பகுதியினர். மிகப் பெரும்பாலானோர் சென்னைப் படையின் சிப்பாய்கள். தமிழ்நாட்டிலும் தெலுங்கு நாட்டிலும் திரட்டப்பட்டவர்கள். அவர்களுள் இந்துக்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். மாதச் சம்பளத்துக்காகச் சிவப்புச் சட்டை மாட்டியவர்கள். புள்ளலூர் வயலில் எரிந்த வண்டிக்கருகே தமிழில் 'உம்மா' என்று அலறிய சிப்பாய் ஒருவனாவது இருந்திருப்பான் என்று நினைப்பதற்குப் பெரிய கற்பனை தேவையில்லை. சுவரோவியத்தில் அவன் வரிசையில் ஒரு தொப்பி. நாம் பெருமைப்படும் ரொக்கட் விழுந்தது அவன் மேல்தான்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் இந்த இடத்தில் தலையாட்டுவார் என்பது தெரியும். ஆகவே அவரிடமும் ஒரு கேள்வி. ஆளைக் கொல்லும் சாமான் என்பதோடு கதை முடிந்து விடுகிறதா? 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது நூற்றுக்கணக்கான ரொக்கட்டுகள் கைப்பற்றப்பட்டன. சில இங்கிலாந்தின் வூல்விச்சுக்குப் போயின. அங்குள்ள படைக்கலச் சாலையில் வில்லியம் கொங்கிரீவ் 1804 அளவில் பரிசோதனைகளைத் தொடங்கினார். அவர் செய்ததில் மாயமெதுவுமில்லை. குழாயின் நீளத்தை மாற்றினார், மருந்தின் கலவையை மாற்றினார், எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்தார், எழுதி வைத்தார். மறுபடி மாற்றினார். 1807இல் கொப்பன்ஹேகன் நகர் மீது அவை பொழியப்பட்டன. கொல்லப்பட்டவர்களில் பெருந்தொகையினர் குடிமக்கள். 1814இல் பல்ட்டிமோர் துறைமுகக் கோட்டை மீது பொழியப்பட்டன; அந்த ரொக்கட்டுகளின் சிவப்பொளி அமெரிக்க தேசிய கீதத்திலேயே ஏறி அமர்ந்திருக்கிறது. மைசூர்க் கொல்லனின் குழாய் அவனுக்குத் தெரியாமலே எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள்! அந்தப் பாதையை வெறுமனே கொலைக் கருவியின் பாதை என்று ஆசிரியர் சொன்னால், வொலப்ஸ் கூடத்தில் அந்த ஓவியத்தை மாட்டியவர்கள் அதில் எதைக் கண்டார்கள் என்பதை அவரால் விளக்க முடியாது. அவர்கள் கண்டது அளந்து திருத்தும் ஒரு கலையின் முதற்படி.

இனி இளைஞரின் வாதம். அவர்களுடைய நூதனசாலையில் தொங்குவதும் கொல்லும் சாமான் தானே என்றார். சிலவற்றுக்கு அது உண்மை. ஜெர்மனியின் வீ-2 ஏவுகணை லண்டனிலும் வொஷிங்டனிலும் நிற்கிறது. அது விழுந்து இறந்தவர்களை விட, அதைச் செய்வதற்காக மித்தல்பாவ்-டோரா முகாமில் அடிமைகளாக வதைக்கப்பட்டு இறந்தவர்கள் அதிகம். அந்தப் பளபளப்பான கூம்பைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லாத நூதனசாலை பொய் சொல்கிறது என்பேன். ஆனால் இளைஞர் தன் கைபேசியில் எங்களுக்குக் காட்டியது வீ-2 அல்ல. வொஷிங்டனில் உள்ள தேசிய வான், விண்வெளி நூதனசாலையின் ஒரேஞ்சு நிறக் குட்டி விமானத்தைத்தான் காட்டினார். பெல் எக்ஸ்-1. 1947 ஒக்டோபர் 14ஆம் திகதி கலிபோர்னியாவின் மியூரொக் வறண்ட ஏரிக்கு மேலே, சக் யேகர் என்ற விமானி ஒலியின் வேகத்தை முதன்முதலில் தாண்டியது இதில்தான். மாக் 1.06 என்பது கணக்கு. நேர்மட்டப் பறப்பில் மனிதன் தன் குரலையே முந்திய நாள் அது.

இந்த விமானத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனெனில் எமது வாதம் அனைத்தும் இதற்குள் இருக்கிறது.

அதன் உடலுக்கு வடிவம் கொடுத்தது துப்பாக்கி ரவை. ஒலியை மிஞ்சிய வேகத்தில் ஆட்டமின்றிப் பறக்கும் பொருள் என்று அன்று உறுதியாகத் தெரிந்திருந்தது அரை அங்குல இயந்திரத் துப்பாக்கியின் ரவை ஒன்றே. ஆகவே அதைப் பார்த்தே விமானத்தைச் செய்தார்கள். செலவு செய்தது படை. எனினும் அதில் ஒரு துப்பாக்கியும் இல்லை, ஒரு குண்டும் இல்லை. திரவ ஒட்சிசனும் மதுசாரமும் எரியும் ரொக்கட் பொறி ஒன்று. மீதி இடத்தில் அளவு கருவிகள். தானாக நிலத்திலிருந்து எழும்பிப் போவதற்கு எரிபொருளை வீணாக்கக் கூடாதென்று, பெரிய பீ-29 விமானத்தின் வயிற்றில் மாட்டி மேலே கொண்டுபோய் விடுவார்கள். சில நிமிடங்கள் எரியும். பிறகு பொறி அணைந்த நிலையில் ஏரிப் படுகைக்கு மிதந்து இறங்க வேண்டும்.

யேகர் அந்தப் பறப்புக்கு இரண்டு விலா எலும்புகள் முறிந்த நிலையில் ஏறினார், கதவைச் சாத்த ஒரு தும்புத்தடித் துண்டைப் பயன்படுத்தினார் என்பதெல்லாம் உலகறிந்த கதை. பலரும் சொல்லாமல் விடுவது இன்னொன்று. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது வாலிலுள்ள திருப்பும் தகடு செயலிழந்து போவதை முந்திய பறப்புகளில் கண்டார்கள். முழு வாலையும் அசைத்தால் என்ன என்று யோசித்தார்கள். செய்து பார்த்தார்கள். சரிவந்தது. ஒலியை மிஞ்சும் போர் விமானங்கள் வழமையாக அந்த முழுவாலைக் கொண்டிருப்பது அதற்குப் பின்னர்தான். நூதனசாலையில் இருப்பது ஓர் ஓடு. அதற்குள் விளைந்த பயிர் ஆய்வறிக்கைகளில் இருக்கிறது. பறப்பின்போது கருவிகள் பதித்த கோடுகளை நாள்கணக்காகக் குனிந்திருந்து வாசித்து, எண்களாக்கியவர்கள் பெண்கள். அவர்களைக் 'கணிப்பான்கள்' என்றே அழைத்தார்கள். மியூரொக்கில் அவர்களுக்குத் தலைமை தாங்கிய ரொக்ஸானா யான்சியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? விமானத்தின் மூக்கில் எழுதியிருப்பது யேகரின் மனைவியின் பெயர். அதுவும் ஒரு பெண்ணின் பெயர்தான் என்று யாரும் ஆறுதல் சொல்லாதீர்கள்.

எக்ஸ்-1 1950இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் கையளிக்கப்பட்டது. அதன் உடன்பிறப்புகளுக்கு என்ன நடந்தது என்று தேடிப் பார்த்தபோது எனக்குத் தூக்கம் குறைந்தது. 1951 ஓகஸ்டில் எக்ஸ்-1டீ வானில் வைத்தே வெடித்து, காவி விமானத்திலிருந்து கழற்றி வீசப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் மூன்றாவது எக்ஸ்-1 தரையிலேயே எரிந்து போயிற்று. 1953 மே 12இல் எக்ஸ்-2 விமானங்களில் ஒன்று ஒன்ராறியோ ஏரிக்கு மேலே வெடித்தது. விமானி ஸீக்ளரும், காவி விமானத்திலிருந்த வொல்கோ என்பவரும் இறந்தார்கள். விமானம் ஏரியில் விழுந்தது. 1955 ஓகஸ்டில் எக்ஸ்-1ஏ.

நான்கு விபத்துகள். காரணம் ஒன்று. திரவ ஒட்சிசன் குழாய் இணைப்புகளில் கசிவைத் தடுக்க வைத்த தோல் வளையம். அந்தத் தோல் ஓர் இரசாயனத்தில் ஊறவைக்கப்பட்டிருந்தது. கடுங்குளிரான ஒட்சிசனோடு சேர்ந்தபோது ஒரு சிறு அதிர்வே அதை வெடிக்க வைக்கப் போதுமாக இருந்தது. ஒவ்வொரு விபத்திலும் சாட்சியம் எரிந்து போனதனால் அல்லது ஏரியில் மூழ்கியதனால், நான்கு வருடங்கள் அந்த வளையம் தப்பிக்கொண்டே இருந்தது. எக்ஸ்-1ஏ எரிந்த பின்னர்தான் பிடிபட்டது. அதன் பின்னர் தோல் வளையங்கள் அகற்றப்பட்டன.

மற்ற எக்ஸ்-2 விமானம் 1956 செப்டெம்பர் 27இல் மில்பர்ன் அப்ட் என்பவரைச் சுமந்து மாக் 3ஐத் தாண்டியது. மனிதன் அந்த வேகத்தை எட்டியது அதுவே முதற் தடவை. அப்ட் ரொக்கட் விமானம் ஒன்றை ஓட்டியதும் அதுவே முதற் தடவை. வேகம் குறையுமுன் திருப்பினார். விமானம் கட்டுப்பாடிழந்து உருண்டது. உயிர் தப்பவென இருந்த மூக்குப்பகுதி பிரிந்தது. அதிலிருந்து வெளியேற அவருக்கு நேரம் போதவில்லை. ஆகவே எக்ஸ்-2 எந்த நூதனசாலையிலும் இல்லை. செய்தது இரண்டு, இரண்டும் போய்விட்டன. எக்ஸ்-15 மூன்று செய்யப்பட்டன. 1959 முதல் 1968 வரை 199 தடவை பறந்தன. ஒன்று வொஷிங்டனின் நூதனசாலைக்குப் போனது, இன்னொன்று டேட்டனில் உள்ள விமானப்படை நூதனசாலைக்கு. மூன்றாவது 1967 நவம்பர் 15இல் மைக்கல் அடம்ஸோடு சிதறிப் போனது.

நூதனசாலையைச் சுற்றிப் பார்ப்பவன் தப்பியவற்றை மட்டுமே காண்கிறான். வீழ்ந்தவற்றுக்கு வைப்பதற்கு உடல் இல்லை. இதனால் அவனுக்கு ஓர் எண்ணம் தோன்றுகிறது: அவர்கள் எதைச் செய்தாலும் வெற்றிதான் போலும்! எமது இளைஞரின் கவிதையிலும் அந்த எண்ணமே ஒளிந்திருந்தது. அவர்கள் வெற்றி பெற்றவர்கள். எமக்கும் ஒரு வெற்றி இருந்தது. அதைத் திருடி விட்டார்கள். ஆனால் அவர்களிடம் எம்மை விட மேலாக ஏதாவது இருந்திருந்தால் அது வெற்றியல்ல என்பது என் எண்ணம். நான்கு விமானங்கள் எரிந்த பின்னும், காரணத்தை விதியின் மேல் போட்டுவிட்டு எழுந்து போகாமல், தோல் வளையம் வரைக்கும் குனிந்து தேடிய பிடிவாதம் அது. விதியை நம்புவதற்கும் அந்தத் தேடலுக்கும் பகையில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொல்லப்பட்ட சமூகத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற அந்த அறிவு தகுமா? இதில் என் மனம் ஒரே நிலையில் நிற்பதில்லை. அப்ட் அறிந்தே ஏறினார் என்பது உண்மை. ஆனால் முதற் தடவை ஏறுபவருக்கு அத்தனை வேகத்துக்கான திட்டத்தைக் கொடுத்தவர்கள் தரையில் இருந்தார்கள். புள்ளலூர்ச் சிப்பாய்க்கோ, டோரா முகாமின் அடிமைக்கோ அறிந்து ஏறும் வாய்ப்பே இருக்கவில்லை. இந்த மூவரையும் 'அறிவியலுக்காக உயிர் நீத்தவர்கள்' என்று ஒரே பலகையில் எழுதுவது அநியாயம். எவனுடைய சம்மதம் கேட்கப்பட்டது, எவனுடையது கேட்கப்படவில்லை என்பதை வைத்துத்தான் நான் இந்தக் கருவிகளைத் தரம் பிரிப்பேன். வேகத்தை வைத்தல்ல.

எமது ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்டி–குருநாகல் வீதியில் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கலகெதர ஒரு தரிப்பிடம். ஆனால் கண்டி இராச்சியத்துக்கு அது ஒரு வாசல். 1803 பெப்ரவரியில் பிரித்தானியப் படை கண்டியை நோக்கி ஏறியபோது, கலகெதரவிலும் கிரிஹகமவிலும் இருந்த காவலரண்களைத் தாண்டியே போக வேண்டியிருந்தது. அதற்கு முன்னர் 1765இல் ஒல்லாந்தர் கண்டிக்குள் புகுந்து அரண்மனையைச் சூறையாடினார்கள். அப்போது போன பொருட்களில் ஒன்று லெவ்கே திசாவையின் பீரங்கி. வெள்ளியும் பொன்னும் இரத்தினமும் பதித்த, போருக்கென்பதை விட அலங்காரத்துக்கென்றே செய்த சிறு பீரங்கி. ஆம்ஸ்டர்டாமின் றைக்ஸ் நூதனசாலையில் தலைமுறை தலைமுறையாக இருந்துவிட்டு, 2023 டிசெம்பரில் வேறு சில பொருட்களோடு கொழும்பு வந்து சேர்ந்தது. நல்ல காரியம். திருடியது திரும்ப வேண்டும், அதில் விவாதமில்லை.

ஆனால் அந்த இராச்சியத்தை உயிரோடு வைத்திருந்தது பீரங்கியா? உப்பும் கருவாடும் துணியும் மலை ஏறாமல் கண்டி ஒரு மாதம் தாக்குப் பிடித்திருக்காது. அவற்றை மாட்டின் முதுகில் ஏற்றிக் கணவாய் வழியே கொண்டுவந்த தவளக்காரர்களில் முஸ்லிம்கள் பெருமளவினர். அரசனின் போக்குவரத்துப் பகுதிக்கு 'மடிகே பத்த' என்று பெயர். லோர்னா தேவராஜா போன்ற வரலாற்றாசிரியர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். எமது பக்கத்தில் 'மடிகே' என்ற ஊர்ப்பெயர் இன்றும் வழங்குகிறது. அங்கே பிறந்த பிள்ளைகளிடம் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டுப் பார்த்தேன். திப்புவின் ரொக்கட் எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இது தெரியவில்லை. தவள மாட்டின் சேணம் எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் என் கண்ணில் பட்டதில்லை. ஆளைக் கொல்லாத சாமானுக்கு நூதனசாலையில் இடம் கிடைப்பது சிரமம் போலும்.

இளைஞர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் ஏன் திப்புவைத் தேடிப் போகிறார் என்பது தெரியும். 2018 மார்ச்சில் திகனையிலும் அக்குறணையிலும் எம்மவர் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டபோது அவர் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தார். அவசரகால நிலையும் ஊரடங்குமாகக் கழிந்த அந்த நாட்களில், வீட்டுக்குள் அடைபட்டிருந்த ஒரு பிள்ளைக்குத் தோற்காத ஒருவர் தேவைப்பட்டார். அதே 2018 ஜூலையில் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் நகர என்னும் ஊரில், ஒரு பாழடைந்த கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைசூர் ரொக்கட்டுகள் தோண்டி எடுக்கப்பட்டன. அதே கர்நாடகத்தில் 2015இல் அரசு விழாவாகத் தொடங்கிய திப்பு ஜயந்தி, 2019இல் ஆட்சி மாறியதும் நிறுத்தப்பட்டது. ஒருவருக்கு வீரர், இன்னொருவருக்குக் கொடுங்கோலர். கிணற்றிலிருந்து எடுத்த துருப்பிடித்த குழாய் இரண்டு தரப்பின் கையிலும் மறுபடி ஆயுதமாகிறது. அவமானப்படுத்தப்பட்டவனின் பெருமைக்கு ஒரு நியாயம் உண்டு. அதைச் சௌகரியமாக இருப்பவன் கேலி செய்யக் கூடாது. ஆனால் அந்தப் பெருமை அவனைக் கிணற்றடியிலேயே உட்கார வைத்து விட்டால், அவனை அவமானப்படுத்தியவனுக்கு அதைவிட வசதியானது வேறில்லை.

கலாம் அந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டு என்ன செய்தார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. ஊர் திரும்பினார். 1963 நவம்பர் 21இல் திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவிலிருந்து முதல் ரொக்கட் ஏவப்பட்டது. அது அமெரிக்காவில் செய்த நைக்-அப்பாச்சி. அங்கு வேலை செய்ய இடம் கொடுத்தது மகதலா மரியாள் தேவாலயம். ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா மீனவர்களான தம் மக்களிடம் பேசி, தொழுகைக்குரிய இடத்தை அறிவுக்கென விட்டுக் கொடுத்தார். அந்தத் தேவாலயம் இன்று விண்வெளி நூதனசாலையாக இருக்கிறது. சம்மதம் கேட்டுப் பெற்ற இடம் என்பதனாலோ என்னவோ, நான் அறிந்த ரொக்கட் நூதனசாலைகளுள் அதன் மீதே எனக்கு மரியாதை அதிகம். 1979 ஓகஸ்ட் 10இல் எஸ்.எல்.வி-3 கடலில் விழுந்தது. கலாம் குழுவினர் பழுதைத் தேடினார்கள். கட்டுப்பாட்டுத் தொகுதியின் வால்வு ஒன்றுவரை போனார்கள். 1980 ஜூலை 18இல் ரோகிணி செய்மதி சுற்றுப்பாதையில் சேர்ந்தது.

பின்னர் அவர் ஏவுகணைகளும் செய்தார். ஆசிரியர் இதைச் சொல்லி மடக்குவார், மடக்கட்டும். அக்கினி ஏவுகணை எமது பெருமைக்குரியதா என்று கேட்டால் நான் நழுவத்தான் பார்ப்பேன். அயல் நாட்டில் வாழும் ஒரு தமிழ் முஸ்லிமுக்கு அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்றும் எனக்கு விளங்குவதில்லை. ஆனால் அந்த ஏவுகணைக்கெனச் செய்த இலேசான காபன் பொருளைக் கொண்டு, போலியோவால் கால் சூம்பிய பிள்ளைகளுக்கு நடைத்தாங்கி செய்து கொடுத்ததை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். மூன்று கிலோ இரும்பைக் காலில் கட்டி இழுத்த பிள்ளைக்கு அது சில நூறு கிராமாகக் குறைந்தது. இருதய வைத்தியர் சோம ராஜுவோடு சேர்ந்து குறைந்த விலையில் குருதிக் குழாய்த் தாங்கி ஒன்றையும் உருவாக்கினார். தம் வாழ்வில் அடைந்த மகிழ்ச்சிகளைப் பட்டியலிடும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகளை அவர் விடாமல் சொன்னார்.

இராமேஸ்வரம் பேய்க்கரும்பில் 2017இல் திறக்கப்பட்ட அவரது நினைவகத்தில் ரொக்கட்டுகளின், ஏவுகணைகளின் மாதிரிகளை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வூல்விச்சில் மைசூர் ரொக்கட்டுகளை வைத்திருந்த பீரங்கிப் படை நூதனசாலை 2016இல் மூடப்பட்டு விட்டது. நகர கிணற்றில் கிடைத்த குழாய்களோ ஏவப்படாதவை. உள்ளே மருந்து கெட்டியாகி மண்ணோடு ஒட்டியிருந்தது. இளைஞரிடம் இதைச் சொன்னேன். "ஏவாதது நல்லம் எண்டா சொல்றீங்க, நானா?" என்று கேட்டார். அவை எந்தப் போருக்கென்று செய்யப்பட்டனவோ, யார் மேல் விழ இருந்தனவோ, தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மடிகே என்பதற்குப் பொருள் என்ன என்று கேட்டார். சொன்னேன். கவிதையைத் திருத்தப் போகிறாரா, புதிதாக எழுதப் போகிறாரா என்று நான் கேட்கவில்லை.